ஆவடியைத் தாண்டிப் போன விசில் போடு எக்ஸ்பிரஸ்

இன்னிக்கு எபிசோடை ஒரு ரயில்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

2018 ஏப்ரல் 19. சென்னை சென்ட்ரல்ல இருந்து ஒரு ஸ்பெஷல் ட்ரெயின் கிளம்புச்சு. பேரு 'விசில் போடு எக்ஸ்பிரஸ்'. உள்ள கிட்டத்தட்ட 1,000 பேர், எல்லாரும் மஞ்ச ஜெர்சில. பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடின்னு நாம தினமும் தொங்கிக்கிட்டுப் போற அதே லைன்ல போய், அரக்கோணம் தாண்டி, மறுநாள் புனே. எதுக்கு? அவங்க ஊர் டீமோட 'ஹோம் மேட்ச்' பாக்க.

ஹோம் மேட்ச்சுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல ட்ராவல் பண்ணணும்னா, அதுல 'ஹோம்'ங்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? அம்பத்தூர்க்காரனுக்கு சேப்பாக்கம் போற வழி ரொம்ப சிம்பிள். எலக்ட்ரிக் ட்ரெயின் புடிச்சு மூர் மார்க்கெட்ல இறங்கி, ரோட்டைத் தாண்டி பார்க் டவுன் போய், பறக்கும் ரயில் ஏறினா சேப்பாக்கம் ஸ்டேஷன். மேட்ச் முடிஞ்சு கடைசி ட்ரெயினுக்கு ஓடறது தனி டி20. அந்த வழி 2018ல ஒரே ஒரு நாள்தான் திறந்திருந்துச்சு. அந்த ஒரு நாளும் அதுக்கு அப்புறம் நடந்ததும்தான் இன்னிக்குக் கதை.

கொஞ்சம் பின்னாடி போவோம். பெட்டிங் விவகாரத்துல நீதிபதி லோதா கமிட்டி 2015 ஜூலைல சென்னை சூப்பர் கிங்ஸுக்கும் ராஜஸ்தான் ராயல்ஸுக்கும் 2 வருஷம் தடை போட்டுச்சு. 2016, 2017 ரெண்டு சீசனும் சென்னைக்கு டீமே இல்ல. தோனி போய் புனே டீம்ல ஆடினார். அதனால 2018 சீசன் இங்க இருந்தவங்களுக்கு வெறும் கிரிக்கெட் இல்ல, ஒரு திருவிழா. சேப்பாக்கத்துல 7 ஹோம் மேட்ச்னு ஷெட்யூல் வந்துச்சு.

அதே நேரத்துல இன்னொரு கதை ஓடிக்கிட்டிருந்தது. 2018 பிப்ரவரி 16ஆம் தேதி காவிரி வழக்குல உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது. நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த 192 டிஎம்சி, 177.25 டிஎம்சியாகக் குறைஞ்சது. அந்தத் தண்ணியாவது ஒழுங்கா வர்றதுக்கு ஒரு செயல்திட்டம் அமைக்க மத்திய அரசுக்கு 6 வாரம் டைம் கொடுத்தாங்க. மார்ச் 29 அன்னிக்கு டைம் முடிஞ்சது. திட்டம் வரல. ஏப்ரல் 5 தமிழ்நாடு முழுக்க பந்த். இந்தச் சூழல்ல ஐபிஎல் வேணுமாங்கற கேள்வியை அரசியல் கட்சிகளும் சினிமாக்காரங்களும் கிளப்பினாங்க. ரஜினிகாந்த் இந்த நேரத்துல மேட்ச் நடக்கறது சங்கடமா இருக்கு, நடந்தா வீரர்கள் கறுப்பு பேட்ஜ் அணியலாம்னு சொன்னார்.

இங்க ஒரு பேச்சு அடிக்கடி வந்துச்சு: "காவிரிக்கும் சென்னைக்காரனுக்கும் என்ன சம்பந்தம்? அவன் மேட்ச் பாப்பான்." சொன்னவங்க சென்னைத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாக்கல. மேட்டூர்ல இருந்து இறங்கற காவிரித் தண்ணி கொள்ளிடம் கீழணைக்கு வந்து, வடவாறு வழியா கடலூர் மாவட்டத்துல இருக்கற வீராணம் ஏரிக்குப் போகுது. 2004ல இருந்து அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல குழாய் போட்டு சென்னைக்குக் கொண்டு வர்றாங்க. திட்டத்தோட அளவு ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர். அந்தக் குழாய் வந்து சேர்ற இடம் போரூர். பூந்தமல்லி ரோட்டுல தினமும் வண்டி ஓட்டறவங்க அந்த நீர் நிலையத்தைத் தாண்டித்தான் போறோம். அப்போ நம்ம குடத்துல இருக்கறதுலயும் ஒரு பங்கு காவிரிதான்.

எங்க அப்பாவுக்கு ஊர் மன்னார்குடி பக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிட்டவர். பெரியப்பா இன்னும் ஊர்லதான் விவசாயம் பாக்கறாரு. அந்த வாரம் டிவி விவாதத்துல ஒருத்தர் "ரசிகனா, விவசாயியா, யார் பக்கம்?"னு கேட்டதும் அப்பா கடுப்பாகிட்டார். "மேட்ச் பாக்கறவன் வேற, சோறு திங்கறவன் வேறயாடா?"ன்னு என்கிட்ட கேட்டாரு, என்னமோ நான்தான் அந்த விவாதத்தை நடத்துற மாதிரி. 2018 பத்தி எனக்கு இருக்கற வருத்தமும் இதுதான். தண்ணிக்காகப் போராடினது நியாயம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டையும் மனசுல வச்சிருந்த லட்சக்கணக்கான பேரை ஏதாவது ஒரு பக்கம் நில்லுன்னு சொன்னாங்க.

ஏப்ரல் 10. கொல்கத்தாவோட மேட்ச். அண்ணா சாலையில மறியல், ஆயிரக்கணக்குல போலீஸ். மஞ்ச ஜெர்சி போட்டிருந்த சிலரை ரோட்டுலயே தாக்கினாங்க. ஒரு போலீஸ்காரரும் அடி வாங்கினார், அதை ரஜினி கண்டிச்சார். கேலரியில இருந்து மைதானத்துக்குள்ள ஷூ பறந்து வந்துச்சு, ஜடேஜா நின்ன பக்கமா.

இதுக்கு நடுவுல ஆட்டம் வேற லெவல். ஆந்த்ரே ரஸல் 36 பந்துல 88, அதுல 11 சிக்ஸர். கொல்கத்தா 202. அவ்வளவுதான்னு நினைச்சப்போ சாம் பில்லிங்ஸ் 23 பந்துல 56 அடிச்சார். கடைசி ஓவர்ல 17 ரன் வேணும். வினய் குமார் போட்ட முதல் பந்தை பிராவோ சிக்ஸ் அடிக்க, அது நோ பால் வேற. ஒரு பந்து மிச்சம் இருக்கும்போது ஜடேஜா சிக்ஸ் அடிச்சு முடிச்சார். வெளிய மறியல், உள்ள விசில். அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தவங்க யாரும் அந்த வருஷத்து கடைசி மேட்ச்சைப் பாத்துட்டு வர்றோம்னு நினைக்கல.

அடுத்த நாளே முடிவு வந்துடுச்சு. பாதுகாப்பு கொடுக்க முடியாதுன்னு போலீஸ் தரப்பு சொல்ல, மீதி 6 மேட்ச்சும் சென்னைல இல்லன்னு பிசிசிஐ அறிவிச்சது. விசாகப்பட்டினம், திருவனந்தபுரம், ராஜ்கோட்னு பேர் அடிபட்டு, கடைசில புனே. தடை நேரத்துல தோனி ஆடின அதே ஊர். இந்த முடிவுல யாரெல்லாம் பேசினாங்க பாருங்க: வாரியம், டீம் நிர்வாகம், போலீஸ், கட்சிகள். டிக்கெட் கவுன்ட்டர்ல ராத்திரி முழுக்க நிக்கறவன்கிட்ட கேக்கணும்னு யாருக்கும் தோணல. கேக்க வேண்டிய அவசியமும் சட்டப்படி கிடையாது. 2008 ஏலத்துல 9.1 கோடி டாலருக்கு இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கினது சென்னைங்கற உரிமத்தை.

உலகம் முழுக்க இதே கதைதான். நியூயார்க்கோட புரூக்ளின் பகுதி உயிரா நினைச்ச டாட்ஜர்ஸ் பேஸ்பால் டீமை 1957 சீசனோட முதலாளி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாத்திட்டார். இங்கிலாந்துல 2002ல விம்பிள்டன் ஃபுட்பால் கிளப், சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கற மில்டன் கீன்ஸுக்குப் போகலாம்னு அனுமதி வந்துச்சு. ரசிகர்கள் அழுதுட்டு விட்டுடல. அதே வருஷம் ஏஎஃப்சி விம்பிள்டன்னு சொந்தமா ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க, பொதுப் பூங்காவுல தேர்வு வச்சு ஆள் எடுத்தாங்க. ஒன்பதாவது படிநிலையில தொடங்கி 2011ல தொழில்முறை லீக்குக்குள்ள வந்துட்டாங்க. எனக்கு ரொம்பப் புடிச்ச ஸ்போர்ட்ஸ் கதை இது. நம்ம ஊர்லயும் நடந்திருக்கு, ஆனா சத்தமே இல்லாம. 2019ல ஐஎஸ்எல்லோட புனே சிட்டி டீம் போய் அந்த இடத்துல ஹைதராபாத் வந்தது, டெல்லி டைனமோஸ் புவனேஸ்வர் போய் ஒடிஷா எஃப்சி ஆச்சு.

சென்னை ரசிகர் செஞ்சது ரயில் ஏறினது. அந்த ரயில் செலவையும் மேட்ச் டிக்கெட்டையும் டீமே ஏத்துக்கிச்சு. நல்ல மனசுதான், மறுக்கல. ஆனா காலி கேலரில மஞ்சக் கூட்டம் வேணும்ங்கற கணக்கும் அதுல இருக்கு. ஆயிரம் பேர் போனாங்க. ஆவடி டேங்க் ஃபேக்டரில ஷிஃப்ட் பாக்கறவரும், அம்பத்தூர்ல லேத் ஓட்டறவரும் ரெண்டு நாள் லீவு போட்டுட்டுப் போக முடியாது. அவங்களுக்கு டிவிதான் சேப்பாக்கம்.

புனேக்காரங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க. அவங்களுக்கு ரைசிங் புனே சூப்பர்ஜயன்ட்னு ஒரு டீம் இருந்தது. சென்னையும் ராஜஸ்தானும் தடையில இருந்த அந்த 2 வருஷத்துக்கு மட்டும் வந்த டீம். 2017 ஃபைனல் வரைக்கும் போச்சு. அப்புறம் நம்ம டீம் திரும்பி வந்ததால அவங்க டீம் கலைஞ்சது. அடுத்த வருஷமே, அவங்க ஊர் ஸ்டேடியத்துல இன்னொரு ஊர் டீம் 'ஹோம்'னு வந்து நிக்குது. இன்னொரு விஷயம்: கஹுஞ்சே மைதானத்தோட பிட்ச்சுக்குப் பவனா ஆத்துத் தண்ணியை எடுக்கக் கூடாதுன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஏப்ரல்ல தடை போட்டுச்சு. தண்ணிப் பிரச்சினையில இங்கிருந்து கிளம்பின டீமை அங்கேயும் தண்ணி விடல.

ஆடினது என்னவோ அட்டகாசமாதான். ரயில் போய்ச் சேர்ந்த அன்னிக்கு சாயங்காலம் வாட்சன் 57 பந்துல 106. புனேயில ஆடின 6ல 5 ஜெயிச்சு, மே 27 மும்பைல கப்பும் எடுத்தாங்க. காவிரிச் செயல்திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் மே 18ல ஒப்புதல் கொடுத்தது, ஜூன் 1 அரசிதழ்ல வந்தது. டெல்டாவோட கஷ்டம் அதோட தீர்ந்துடல, அதுக்குத் தனி எபிசோட் வேணும்.

சேப்பாக்கத்துக்கு இது முதல் தடவையும் இல்ல. 2013ல இலங்கை வீரர்கள் சென்னைல ஆடக் கூடாதுன்னு மாநில அரசு உறுதியா நின்னப்போ ப்ளேஆஃப் மேட்ச்சுகள் டெல்லிக்குப் போச்சு. 2014ல ஐ, ஜே, கே கேலரிகளுக்குக் கட்டட அனுமதி சிக்கல், அதனால கொஞ்சம் ஹோம் மேட்ச்சுகள் ராஞ்சிக்கு, அதாவது தோனியோட சொந்த ஊருக்கு. அப்புறம் 2020ல கொரோனா, அரபு நாடு. 2019 மேக்கு அப்புறம் சென்னை டீம் சேப்பாக்கத்துல மறுபடி இறங்கினது 2023 ஏப்ரல் 3. முன்னாடி பூட்டிக் கிடந்த ஐ, ஜே, கே பக்கமும் அப்போ ஆள் உக்காந்தாங்க.

அந்த மூணு கேலரி பூட்டியே இருந்ததுக்கு நாம கொடுத்த பெரிய விலை 2019ல. அந்த வருஷ ஃபைனல் சேப்பாக்கத்துக்குன்னுதான் ஒதுக்கியிருந்தாங்க. கேலரிக்கு அனுமதி வாங்க முடியாததால ஹைதராபாத்துக்கு மாத்திட்டாங்க. சென்னை ஃபைனலுக்குப் போச்சு. மும்பை 149, சென்னை 148. 2017ல புனே ஃபைனல் தோத்ததும் அதே ஹைதராபாத்ல, அதே மும்பைகிட்ட, அதே 1 ரன்ல. ரெண்டு டீம்லயும் ஆடினவர் தோனி.