சக்கரம் வைத்த மவுஸும் பழைய கம்ப்யூட்டரும்

மவுஸின் நடுவில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டினால் பக்கம் மேலே போகிறது, கீழே வருகிறது. இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்று தோன்றும். 1990-களின் கடைசியில் விண்டோஸ் 95 கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். புது மவுஸை வாங்கிச் செருகினால் அம்பு நகரும், இரண்டு பட்டனும் வேலை செய்யும், சக்கரம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்! அந்தச் சக்கரம் எப்படி வந்தது, பழைய கம்ப்யூட்டர் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சக்கரம் அடியில் இருந்தது

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்கிலிஷ் 1964-ல் முதல் மவுஸைச் செய்தார். அது ஒரு மரப்பெட்டி. அதன் அடியில் இரண்டு சக்கரங்கள். ஒன்று இடம் வலமாக நகர்வதை அளந்தது, மற்றொன்று முன்னும் பின்னும் நகர்வதை அளந்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் இதைப் பொதுமேடையில் இயக்கிக் காட்டினார்.

பிறகு அடியில் இருந்த சக்கரங்களின் இடத்துக்கு உருண்டை வந்தது. அப்படிப்பட்ட மவுஸ்களை உருவாக்கிய இடங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகம். பேராசிரியர் நிக்கூவின் ஆய்வகத்தில் நடந்த அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான், 1981-ல் தொடங்கிய லாஜிடெக் நிறுவனத்தின் முதல் மவுஸ் வந்தது. லொசான் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கும் அந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு, அது பின்னால் வரும்.

எக்செல் தந்த சக்கரம்

மேலே இருக்கும் சக்கரத்தின் கதை கணக்கு எழுதுபவர்களிடமிருந்து தொடங்குகிறது. 1993-ல் மைக்ரோசாஃப்டில் எரிக் மைக்கல்மன் என்பவர், எக்செல் பயன்படுத்துபவர்களைக் கவனித்தார். பெரிய தாளில் ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக அவர்கள் படும் பாடு அவர் கண்ணில் பட்டது. முதலில் அவர் நினைத்தது, தாளைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் ஒரு நெம்புகோல். அந்த யோசனை பல கை மாறி, மவுஸின் நடுவில் பக்கத்தை நகர்த்தும் சக்கரமாக முடிந்தது. 1996-ல் இன்டெல்லிமவுஸ் வெளிவந்தது.

இதற்கு முன்பே, 1995-ல் மவுஸ் சிஸ்டம்ஸ் நிறுவனமும் ஜீனியஸ் நிறுவனமும் சக்கர மவுஸ்களை விற்றன. ஆனால் ஆஃபீஸ் 97 போன்ற மென்பொருளையும் சக்கரத்தையும் ஒரே நிறுவனம் சேர்த்துக் கொடுத்ததால் மைக்ரோசாஃப்டின் சக்கரம்தான் வழக்கமாயிற்று. பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதோடு சேர்ந்து ஓடும் பொருளும் வேண்டும் என்ற வியாபாரப் பாடம் இது.

மூன்று தட்டு ரகசியம்

இப்போது சிக்கலுக்கு வருவோம். 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 முறையில், மவுஸ் ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட் அனுப்பும். முதல் பைட்டில் பட்டன்களும் திசைகளும், இரண்டாவதில் பக்கவாட்டு நகர்வு, மூன்றாவதில் மேல் கீழ் நகர்வு. சக்கரத்துக்கு இடமே இல்லை.

நான்காவது பைட் ஒன்றைச் சேர்த்துவிட்டால் போயிற்று என்று நினைக்கலாம். ஆனால் பழைய கம்ப்யூட்டர் மூன்று மூன்றாகத்தான் எண்ணும். நான்கு நான்காக வந்தால் கணக்கு தப்பி அம்பு திரையெங்கும் தாவும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. செருகியவுடன் புது மவுஸ் பழைய மவுஸ் மாதிரியே மூன்று பைட் அனுப்பும். சக்கரம் தெரிந்த டிரைவர் இருந்தால், அது ஒரு ரகசியத் தட்டு தட்டும். 'நொடிக்கு 200 முறை தகவல் அனுப்பு' என்று சொல்லும், உடனே '100 முறை' என்று மாற்றும், மறுபடி '80 முறை' என்று மாற்றும். சாதாரண மவுஸ் இதைக் கேட்டு 80-க்கு மாறிவிட்டுச் சும்மா இருக்கும், பாதகமில்லை. சக்கர மவுஸோ இந்த மூன்று எண்களும் வரிசையாக வந்ததைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொள்ளும். அடுத்து 'நீ யார்' என்று டிரைவர் கேட்டால் பழைய மவுஸ் 0 என்று சொல்லும், சக்கர மவுஸ் 3 என்று சொல்லும். அதன் பிறகே நான்கு பைட் ஓடத் தொடங்கும்.

பழைய கம்ப்யூட்டரில் நிறுவியது எப்படி?

விண்டோஸ் என்டி 4-லும் விண்டோஸ் 98-லும் சக்கரத்துக்கான வசதி உள்ளேயே இருந்தது. விண்டோஸ் 95-ல் அது கிடையாது. மைக்ரோசாஃப்ட் மவுஸ் வாங்கியவர்கள் அதோடு வந்த இன்டெல்லிபாயின்ட் டிரைவரை நிறுவி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பிறகு கன்ட்ரோல் பேனலில் மவுஸைத் திறந்தால் சக்கரத்துக்கான அமைப்புகள் வந்திருக்கும். ஒரு சொடுக்குக்கு எத்தனை வரி நகர வேண்டும் என்று அங்கே சொல்லலாம். வழக்கமான எண் 3. அப்படியும் சக்கரத்தைப் பற்றி அறியாத பழைய புரோகிராம்கள் அசையாமல் நின்றதுண்டு.

லினக்ஸில் வேலை வேறு மாதிரி. எக்ஸ்எஃப்86 அமைப்புக் கோப்பைத் திறந்து, புரோட்டோகால் என்ற இடத்தில் 'பிஎஸ்/2' என்பதை 'ஐஎம்பிஎஸ்/2' என்று மாற்ற வேண்டும். அதன் கீழே 'இசட் ஆக்சிஸ் மேப்பிங்' என்ற வரியில் 4, 5 என்று எழுத வேண்டும். சக்கரத்தை மேலே உருட்டினால் நான்காவது பட்டனை அழுத்தியதாகவும், கீழே உருட்டினால் ஐந்தாவது பட்டனை அழுத்தியதாகவும் லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். இல்லாத பட்டன்களை இருப்பதாகக் காட்டும் கெட்டிக்காரத்தனம்!

லொசானும் தமிழும்

இதே காலத்தில் தமிழும் இதேபோன்ற சிக்கலில்தான் இருந்தது. அதே லொசான் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம், மயிலை என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை வழிநடத்தியவரும் அவரே. இலக்கியங்களைத் தட்டச்சு செய்து நீள நீளமான பக்கங்களாக அது இலவசமாகக் கொடுத்தது. 1330 குறளையும் படிக்க உருட்டும் சக்கரத்தைவிட உதவியான பொருள் எது?

அந்தப் பக்கங்களைப் பழைய கம்ப்யூட்டரில் படிக்க உதவிய திஸ்கி என்ற குறியீட்டு முறையின் யோசனையும் மவுஸின் யோசனை போன்றதுதான். 256 இடங்களில் முதல் 128-ஐ ஆங்கிலத்துக்கு அப்படியே விட்டுவிட்டு, மீதி இடத்தில் தமிழை உட்கார வைத்தார்கள். விண்டோஸ் 95-ல் ஓர் எழுத்துருவை நிறுவினால் போதும், தமிழ் தெரியும். யூனிகோடு தமிழை விண்டோஸ் முறையாக ஏற்றுக்கொண்டது விண்டோஸ் 2000-ல்தான். புது கம்ப்யூட்டர் வாங்க முடியாதவர்களுக்கு அதுவரை கைகொடுத்தவற்றில் ஒன்று திஸ்கி.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மவுஸ் விஷயத்தில் டிரைவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டது. திஸ்கி பக்கத்துக்கு 'உன்னிடம் எழுத்துரு இருக்கிறதா' என்று கேட்க வழியில்லை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. திஸ்கி தன் வேலையை முடித்து ஒதுங்கிக்கொண்டது.

மூன்று தட்டு மட்டும் ஓயவில்லை. யுஎஸ்பி மவுஸ்களுக்கு அது தேவையில்லை. ஆனால் பிஎஸ்/2 மவுஸ் ஒன்றைக் கண்டால் இன்றைய லினக்ஸும் 200, 100, 80 என்று தட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. பழையதை உடைக்காமல் புதியதைச் சேர்க்க வேண்டுமானால், முதலில் எதிரில் இருப்பவருக்குப் புரியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.