நடையும் உளச்சிகிச்சையும்

உளநல ஆலோசகரும் அவரை நாடி வந்தவரும் அறைக்குள் எதிரெதிரே உட்காராமல், வெளியில் சேர்ந்து நடந்துகொண்டே பேசும் முறை நடைவழி உளச்சிகிச்சை எனப்படுகிறது. மன அழுத்தம், பதற்றம், இழப்பின் துயரம், கடுமையாகாத மனச்சோர்வு ஆகியவற்றுக்கு இதைக் கையாள்கிறார்கள். காலையில் கடற்கரையில் வேக நடை போடுவது இதில் சேராது; அது உடற்பயிற்சி. மரநிழலில் மெல்ல உலவிவருவதும் சேராது. அதற்கு வனக்குளியல் என்று பெயர் வந்துவிட்டது. கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவர் கூட நடக்க வேண்டும், பேச்சுக்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும். நடை, காடு, பேச்சு ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில் மருத்துவத்துக்குள் வந்தவை. திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவை ஒட்டிய அகத்தியமலைக் காட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அது உளவியலார் தேடிக் கொடுத்த இடமன்று. களைத்துப்போய் நடந்த தாவரவியலாளர்கள் கொடுத்தது.

பழைய நடைகள்

நடையை மனப்பயிற்சியாக முறைப்படுத்தியதில் பௌத்தத் துறவிகள் முன்னோடிகள். பாலி மொழியில் ‘சங்கமம்’ எனப்படும் நடைத் தியானத்துக்கு அங்குத்தர நிகாயம் ஐந்து பயன்களைச் சொல்கிறது: நெடும்பயணத்தைத் தாங்கும் வலிமை, முயற்சியில் உறுதி, நோயின்மை, நல்ல செரிமானம், நெடுநேரம் கலையாத மன ஒருமை. இலங்கையில் ரிதிகல, அரன்கலே முதலிய காட்டு மடங்களின் இடிபாடுகளில் இதற்கெனப் போட்ட நடைபாதைகளை இன்றும் பார்க்கலாம். அங்கே துறவி தனியே நடந்தார், வாய் திறக்காமல் நடந்தார்.

சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரில் வழங்கும் ‘பிணியணுகா விதி’ உண்டபின் குறுநடை நடக்கச் சொல்கிறது. கதை மரபில் தேரையர் அகத்தியரின் மாணவர். ஆகவே அந்த விதியும் அகத்தியர் மலையான பொதிகையின் அடிவாரத்துச் சரக்கு என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது. ஆனால் அது வயிற்றுக்கான நடை. மனத்துக்கான நடையைத் தமிழர் மருத்துவரிடம் கேட்கவில்லை, கோயிலிடம் கேட்டார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நாள்கணக்கில் கூட்டமாக நடக்கிறார்கள். பக்கத்தில் நடப்பவரிடம் வீட்டில் சொல்லாத கடனையும் மகளின் கல்யாணக் கவலையையும் சொல்லிக்கொண்டே போவது அந்தச் சாலையில் சாதாரணம். இதைச் சிகிச்சை என்று யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. கேட்கும் காது ஒன்று கூடவே நடக்கிறது என்ற அளவில், பின்னால் வந்த முறைக்கு மிக நெருங்கிய பழைய உறவு இதுதான்.

ஐரோப்பாவில் 1796இல் யார்க் நகரில் வில்லியம் டியூக் நிறுவிய ‘ரிட்ரீட்’ மனநல இல்லம், விலங்கிட்டு அடைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு நோயாளிகளைத் தோட்டத்தில் உலவவிட்டது. 1880களில் ஜெர்மன் மருத்துவர் மாக்ஸ் யோசப் எர்ட்டல் மலைப்பாதைகளைச் சரிவுக்கேற்பத் தரம் பிரித்து, இன்ன நோயாளி இவ்வளவு ஏற வேண்டும் என்று அளந்து கொடுத்தார். அவருடைய அக்கறை இதயமும் உடற்பருமனும்தான்.

பேச்சு வந்து சேர்ந்த கதை

பேச்சால் குணப்படுத்தும் முறையைச் சாய்வுக் கட்டிலோடு சேர்த்தே நினைக்க வைத்தவர் சிக்மண்ட் பிராய்டு. ஆனால் அவருடைய நடைமுறை அறைக்குள் அடங்கி இருக்கவில்லை. 1895இல் வெளிவந்த ஹிஸ்டீரியா ஆய்வு நூலில் அவர் ‘கத்தரினா’ என்று புனைபெயரிட்ட பெண்ணின் கதை ஆல்ப்ஸ் மலைமேல் நடக்கிறது. விடுமுறையில் மலையேறிய பிராய்டு சத்திரத்தில் இளைப்பாறியபோது, பரிமாறிய பெண் வந்து தன் மூச்சுத்திணறலைச் சொல்லியிருக்கிறாள். பின்னாளில் மாக்ஸ் ஐட்டிங்கோன் என்ற இளம் மருத்துவரின் உளப்பகுப்பாய்வை வியன்னா தெருக்களில் மாலை நடையின்போதே அவர் செய்தார்.

எல்லாவற்றிலும் பேர்பெற்றது 1910 ஆகஸ்டில் நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்த சந்திப்பு. மனைவி ஆல்மாவுக்கு வேறொருவரோடு உறவு என்று தெரியவந்து உடைந்துபோயிருந்த இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர், சந்திப்பை ஒருமுறைக்கு மேல் ஒத்திப்போட்ட பிறகு பிராய்டைத் தேடி வந்தார். இருவரும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஊரைச் சுற்றி நடந்தார்கள். மறு ஆண்டு மே மாதம் மாலர் இறந்துவிட்டார். பிராய்டு தமக்குரிய கட்டணத்தை அவருடைய சொத்தை நிர்வகித்தவர்களிடம் கேட்டு வாங்கினார். உலாவிப் பேசியதற்கும் பில் உண்டு என்று நிலைநாட்டிய முதல் நபர் என இவரைச் சொன்னால் தவறாகாது.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் சிகிச்சை அறைக்குள்ளேயே இருந்தது. அதை வெளியே இழுத்து வந்தது நடை அல்ல, ஓட்டம். அமெரிக்காவின் சான் டியேகோவில் மனநல மருத்துவர் தாடியஸ் கொஸ்ட்ருபாலா தம் நோயாளிகளோடு சேர்ந்து ஓடினார். அந்த அனுபவத்தை 1976இல் ‘தி ஜாய் ஆஃப் ரன்னிங்’ என்ற நூலாக எழுதினார். விஸ்கான்சினில் ஜான் கிரைஸ்ட் குழுவினர் 1979இல் மனச்சோர்வுக்கு ஓட்டத்தைச் சிகிச்சையாகச் சோதித்து எழுதினார்கள். 1999இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் குழு 50 வயதைத் தாண்டிய 156 மனச்சோர்வு நோயாளிகளை எடுத்துக்கொண்டது. சிலருக்கு செர்ட்ரலின் மாத்திரை, சிலருக்கு வாரம் மூன்று நாள் நடை அல்லது மெல்லோட்டம், சிலருக்கு இரண்டும். மாத்திரை வேகமாக வேலை செய்தது. ஆனால் 16 வாரம் முடிந்தபோது மூன்று குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ‘நடந்தால் போதும், மாத்திரை வேண்டாம்’ என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் அந்த நடைக்குக் கண்காணிப்பும் ஒழுங்கும் இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

நடையும் ஆலோசனையும் ஒன்றான வடிவம் 2000களில்தான் தனிப் பெயர் பெற்றது. கனடாவில் பட்ரிசியா டூசெட், பள்ளியில் நடத்தைச் சிக்கல் உள்ள சிறுவர்களோடு நடந்து பேசிய முயற்சியை 2004இல் வெளியிட்டார். நியூயார்க்கில் கிளே காக்ரல் சென்ட்ரல் பார்க்கில் நடந்தபடி ஆலோசனை வழங்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். கொரோனா வந்து அறைகள் மூடப்பட்டபோது திறந்தவெளி கட்டாயமானது. 2020இல் பிரிட்டிஷ் உளவியல் சங்கம் வெளிப்புறச் சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

காடு ஏன்

1982இல் ஜப்பான் வனத்துறையின் தலைவர் தொமோஹிதே அகியாமா ‘ஷின்ரின்-யோகு’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார், அதுவே வனக்குளியல். தொடக்கத்தில் அது மக்களைக் காட்டுக்கு அழைக்கும் அரசு முழக்கம். மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலை அளந்து பார்க்கும் ஆய்வுகள் பிறகுதான் வந்தன. அமெரிக்காவில் 2015இல் ஸ்டான்போர்டின் கிரெகரி பிராட்மன் குழு 38 பேரை 90 நிமிடம் நடக்கவிட்டது: பாதிப் பேர் புல்வெளியில், பாதிப் பேர் வண்டிகள் இரையும் நெடுஞ்சாலையோரம். புல்வெளியில் நடந்தவர்களிடம், பழையதையே மனத்துக்குள் திரும்பத் திரும்ப அரைக்கும் பழக்கம் குறைந்தது. அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கால் இரு தரப்புக்கும் ஒரே அளவுதான் நடந்தது, இடம்தான் வேறு.

வித்துராவும் அகத்தியமலையும்

நெடுமங்காடு தாலுகாவில் பொன்முடி மலைக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர் வித்துரா. அதைத் தாண்டினால் கல்லாறு, போனக்காடு, பேப்பாறை வன உயிரின சரணாலயம். தேயிலைத் தோட்டமும் பாழடைந்த வெள்ளைக்காரர் பங்களாவும் உள்ள போனக்காட்டில் வண்டிப்பாதை முடிந்துவிடும். அங்கிருந்து 1,868 மீட்டர் உயர அகத்தியகூடத்துக்குக் கால்நடைதான். முதல் நாள் ஓடைகளைக் கடந்து, புல்மேட்டில் வெயில் வாங்கி, ஈற்றை மூங்கில் காட்டுக்குள் நுழைந்து அதிருமலை முகாமில் தங்க வேண்டும். மறுநாள் பொங்காலைப்பாறை தாண்டி, கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏறினால் உச்சியில் அகத்தியர் சிலை. தமிழர் பொதிகை என்று கொண்டாடும் மலை இது. தமிழகப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்த பிறகு, திருநெல்வேலிப் பக்தர்கள் பலரும் இந்த வழியாகவே ஏறுகிறார்கள்.

1987 டிசம்பரில் இந்தக் காட்டில் நடந்த ஒரு பயணம் மருத்துவ வரலாற்றில் ஏறிவிட்டது. பழங்குடி மரபறிவை ஆவணப்படுத்த வந்த பி. புஷ்பாங்கதன், எஸ். ராஜசேகரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றார்கள். வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் (காணிகள்) என்னும் இம்மலைப் பழங்குடியினர் சளைக்காமல் முன்னே போனார்கள். நடுநடுவே சிறு காய்களை வாயில் போட்டு மென்றார்கள். ஆய்வாளர்களும் வாங்கித் தின்று பார்த்தார்கள், களைப்பு விட்டது. என்ன செடி என்று கேட்டபோது காணிகள் முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாதது அது. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்களித்த பிறகே காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடி (தாவரவியல் பெயர் டிரைக்கோபஸ் செய்லானிக்கஸ்) நிழலில் தரையோடு வளர்வது.

வித்துராவுக்குப் பக்கத்துப் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதன் இலையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. களைப்புக்கும் மன அழுத்தத்துக்கும் என்று 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு அதன் உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு. அதைப் பெற 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்கு வருவாயில் பங்கு கொடுத்ததற்கு உலகளவில் காட்டப்படும் முன்னோடி எடுத்துக்காட்டு இது. எங்கள் எல்லாரையும் கேட்டீர்களா என்று காணிகளுக்குள்ளேயே எழுந்த கேள்வியும் அதே அளவுக்கு முக்கியமானது. சிகிச்சை வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால் உறுத்துவது வேறொன்று. மலை, நடை, கூட நடந்த மனிதர், பறித்துத் தந்த காய் எல்லாம் சேர்ந்த ஓர் அனுபவத்திலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது இலையை மட்டும்தான்.

இந்தப் பாதை எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவும் இல்லை. பெண்கள் அகத்தியகூடம் ஏறத் தடை இருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல், தீர்ப்புக்குப் பின் அனுமதி பெற்று உச்சியை அடைந்த முதல் பெண்ணானார். மலையைப் புனிதமாகக் கருதும் காணிகள் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

நடைமுறை

உட்கார்ந்து பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. நடக்கும்போது இருவர் பார்வையும் முன்னால் பாதையில். சொல்லக் கூச்சப்படுவதைச் சொல்ல இது உதவுகிறது; ஆண்களுக்கும் பதின்வயதினருக்கும் குறிப்பாக. பேச்சு நின்றால் மௌனம் அழுத்தாது, காலடி ஓசை போய்க்கொண்டிருக்கும். ஆலோசகர் வேகத்தைக் கூட்டுவதில்லை, வந்தவர் நடைக்கேற்பத் தம் நடையை அமைத்துக்கொள்கிறார். முதல் சந்திப்பை அறையில் வைத்து, உடல்நிலையும் விருப்பமும் கேட்டு, வழியில் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது வழக்கம்.

அந்தக் கடைசி விஷயம் நம் ஊர்களில் சின்ன விஷயமில்லை. லண்டன் பூங்காவில் இருவர் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நெடுமங்காட்டிலோ நாகர்கோவிலிலோ மூன்று பேராவது நின்று, எங்கே கிளம்பிட்டீங்க, கூட வர்றது யாரு என்று விசாரிப்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாக்கியிருக்கிறது. தெருவில் அதைக் காப்பது ஆலோசகரின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. காட்டுக்குள் போனால் ஆள் தொல்லை இல்லை. யானை, அட்டை, திடீர் மழை உண்டு. வனத்துறை அனுமதியும் வேண்டும். ஆகவே அகத்தியகூட ஏற்றம் போன்ற கடும்பயணத்தைச் சிகிச்சையாக விற்பது பொருந்தாது. மூச்சு வாங்குகிறவரால் பேச முடியாது. இந்த முறைக்குப் பேச்சு தடைபடாத சமதளப் பாதை போதும்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்துக் கொடுத்திருக்கிறது. உடல்நலத்துக்கென்று வந்ததுதான் என்றாலும், ஆலோசகர்கள் பயன்படுத்திக்கொள்ளத் தக்க பாதைகள் அவை. தற்கொலை எண்ணம், மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு ஆகியவற்றில் நடை துணையாகலாம், முதல் சிகிச்சையாகாது. அத்தகைய நிலையில் மனநல மருத்துவரையோ, 2022 அக்டோபரில் தொடங்கி 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் உதவி எண் 14416ஐயோ அணுக வேண்டும்.