ஊட்சு உருக்கு

ஊட்சு உருக்கு என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிச் செய்யப்பட்ட மிகுகரிம எஃகு ஆகும். 'ஊட்சு' என்பது 'உக்கு' என்னும் கன்னடச் சொல்லின் ஆங்கிலத் திரிபு எனக் கருதப்படுகிறது.

திருவண்ணாமலையை அடுத்த கவுத்தி மலையில் மாக்னடைட்டு என்னும் இரும்புத்தாது உள்ளது. இவ்வூருக்குத் தெற்கே, முன்னாள் தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் இவ்வெஃகு செய்த களம் ஒன்றை சாரதா சீனிவாசன் 1994-இல் ஆய்வுக்கட்டுரை மூலம் அறியச் செய்தார். உடைந்த மூசைகளே அங்குள்ள முதன்மைச் சான்று.

தேனிரும்பைச் செடிகொடி, மரத்துண்டு போன்றவற்றுடன் களிமண் மூசையில் இட்டு மூடிச் சூடாக்குவர். தூய இரும்பு 1538 பாகை செல்சியசில்தான் உருகும். கரிமம் ஏற ஏற உருகுநிலை இறங்குவதால் துருத்தி உலையே போதுமானதாயிற்று. உருகும்போது கசடு பிரிந்து மேலே மிதக்கும்.

==கத்திக்குரிய பண்புகள்==

இதில் கரிமம் 1 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். ஏறத்தாழ 0.8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கரிமம் கடினமான இரும்புக் கார்பைடாகப் பிரிகிறது. தமாசுக்கசு வாள்களில் காணப்படும் வரிகள் இவையே. வரிகளின் அழகு பெரிதும் பேசப்பட்டாலும், கூர் மழுங்காதிருக்கக் கார்பைடின் கடினமே உதவுகிறது. மைக்கேல் பரடே 1819-இல் இதன் சிறப்புக்கு அலுமினியம் காரணம் என எண்ணினார், அது பிழையாயிற்று. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு கலந்திருப்பதே வரிகள் தோன்றக் காரணம் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அளவுமீறிக் காய்ச்சி அடித்தால் இவ்வெஃகு நொறுங்கிவிடும். இன்றைய மலிவுவிலைக் கத்திகளுக்குரிய 1095 வகை எஃகில் கரிமம் சுமார் 0.95 விழுக்காடு. இரண்டிலும் துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் இல்லாததால், துடைத்து எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.