ஆழம் குறைந்த கடலின் படகுக் கணக்கு

தனக்கென்று ஒரு பாய்ப்படகு கட்டிக்கொள்ள விரும்புபவரிடம் வடிவமைப்பாளர் முதலில் கேட்பது நான்கு கேள்விகள்: எந்தக் கடல், எவ்வளவு ஆழம், என்ன காற்று, எத்தனை ஆட்கள்? விடைக்கேற்பவே படகின் அகலமும் பாயும் அடிக்கட்டையான ஏராவும் முடிவாகும். இதை மேலைநாட்டு அறிவாகவே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அதிராம்பட்டினத்தை உள்ளடக்கிய பாக் விரிகுடாக் கரை, தாளில் கோடு கிழிக்காமலே இதே கேள்விகளுக்கு விடை கண்டிருக்கிறது.

இந்தக் கடலின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். கரையோரம் சேறு. ஆழமாக இறங்கும் ஏரா இங்கே தரைதட்டும். அது இல்லாமல் பெரிய பாய் விரித்தால் படகு கவிழும். இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த தீர்வு, படகின் குறுக்கே வைத்து வெளியே நீட்டிய ஒரு நீண்ட பலகை. காற்று வலுக்க வலுக்க, அது வரும் பக்கமாக ஆட்கள் பலகையின் நுனியை நோக்கி நகர்வார்கள். நடுவிலிருந்து தள்ளிப்போகும் உடல் எடை படகை நிமிர்த்திப் பிடிக்கும். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் பாக் விரிகுடாவின் இந்தப் பலகைப் படகுகளைப் பதிவு செய்திருக்கிறார். இதைப் போலவே, பந்தயப் படகிலிருந்து கம்பியில் தொங்கியபடி உடலை வெளியே சாய்க்கும் முறையால் இங்கிலாந்தில் பீட்டர் ஸ்காட்டும் ஜான் விண்டரும் வென்றது 1938இல். ஒன்றைப் பார்த்து மற்றது வந்ததென்று சொல்ல ஆதாரமில்லை. இரண்டுக்கும் அடிப்படை ஒரே இயற்பியல்.

இது வெறும் பட்டறிவு, வடிவமைப்பு ஆகாது என்பார்கள். 1950இல் அச்சேறிய ‘கப்பல் சாத்திரம்’ என்ற பழைய தமிழ் நூல் மரத்தேர்வையும் உறுப்புகளின் அளவுகளையும் விதிகளாகவே சொல்கிறது. அதில் சகுனமும் கலந்திருப்பது உண்மைதான். ஆனால் மிதக்கும் பொருளின் நிலைப்பைக் கணிக்கும் வழியை பியர் பூகே பிரான்சில் அச்சிட்டது 1746இல்தான். அதற்கு முன்பே ஐரோப்பியக் கப்பல்கள் உலகைச் சுற்றியிருந்தன. கணக்கு பின்னால் வந்ததால் அவற்றை வடிவமைப்பற்றவை என்று யாரும் சொல்வதில்லை.

இது உள்கடலுக்கு மட்டுமே பயன்படும் திறமை என்ற மறுப்புக்கு எதிர்க்கரையில் பதில் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கப் பாய்ப்படகு மாலுமி வில்லியம் ராபின்சன் வாங்கினார்; யாழ்ப்பாண மாலுமிகள் 1938இல் அதை அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டருக்குக் கொண்டுசேர்த்தார்கள்.

வலுவான மறுப்பு வேறு. காரணம் எழுதப்படாத விதி பழகிய கேள்விக்கே விடை சொல்லும். இயந்திரம் வந்து பாய் இறங்கியதும் பலகைக்கு வேலையில்லாமல் போனது; புதிய எடைக்கும் அதிர்வுக்கும் பழைய அளவுகளிலிருந்து விடையை வருவிக்க வழியிருக்கவில்லை. காரணத்தையும் எழுதிவைத்தவர்கள் அதைச் செய்துகொண்டார்கள். இந்தக் கரைக்கு வடிவமைப்பு இருந்தது. தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏடுதான் இல்லை.