பிடித்ததை விட்டுவிடும் அறம்

மீன் பிடிப்பவர் அதனை உண்பதற்கோ விற்பதற்கோதான் பிடிக்கிறார் என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம். ஸ்காட்லாந்தின் ஆற்றங்கரைகளில் இவ்வெண்ணம் பொருந்தாது. 2022ஆம் ஆண்டில் அங்கே தூண்டிலில் அகப்பட்ட சால்மன் மீன்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 96, பிடித்தவர் கையாலேயே மீண்டும் ஆற்றில் விடப்பட்டன. 1994இல் அந்த அளவு நூற்றுக்கு 8 என்ற அளவிலேயே இருந்தது. ஒரு தலைமுறைக்குள் ஒரு வழக்கம் இத்தனை தூரம் மாறியது எப்படி? விட்டுவிடுவதற்காகவே ஓர் உயிரைப் பிடிப்பது கருணையா, கொடுமையா? இவ்வினாவின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

முதலில் மீனைப் பற்றிச் சில சொற்கள். அட்லாண்டிக் சால்மன் ஆற்றின் கூழாங்கற்களுக்கிடையே பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, இனப்பெருக்கத்திற்காகப் பெரும்பாலும் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புவது. ஆற்றில் நுழைந்தபின் அது இரையெடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. அருவி ஏறவும், கூழாங்கல்லைத் தோண்டிச் சினையிடவும் அதுவே செலவாக வேண்டும். ஆகவே தூண்டிலோடு போராடும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கட்டுச்சோற்றிலிருந்து எடுக்கப்படுவதுதான்.

ஆங்கிலத் தூண்டில் இலக்கியத்தின் மூலவர் ஐசக் வால்டன். 1653இல் வெளிவந்த அவரது நூலில் தூண்டில்காரன் அமைதியும் பக்தியும் உடையவனாகக் காட்சியளிக்கிறான். அதே நூல்தான் உயிருள்ள தவளையை முள்ளில் கோக்கும் முறையையும், அதனை நேசிப்பவனைப் போலக் கையாளும்படியான அறிவுரையையும் தருகிறது. 1823இல் வெளிவந்த ‘டான் ஜுவான்’ காவியத்தின் 13ஆம் காண்டத்தில் கவிஞர் பைரன் வால்டனைக் கொடியவர் என்று சாடினார். அவர் தொண்டையில் ஒரு முள்ளும், அதை இழுக்க ஒரு சிறு மீனும் வேண்டும் என்பது பைரனின் ஏளனம்.

இக்குற்றச்சாட்டுக்கு ஆழ்ந்த விடை தர முயன்றவர் ஓர் அறிவியலாளர். சுரங்கத் தொழிலாளர்க்குப் பாதுகாப்பு விளக்கைத் தந்த ஹம்ப்ரி டேவியே அவர். 1828இல் அவர் எழுதிய ‘சால்மோனியா’ உரையாடல் வடிவிலான நூல். உலகோர் அனைவரும் பித்தாகரசைப் பின்பற்றுவோராகவோ பிராமண நெறியினராகவோ இருந்தால் எவ்வுயிரையும் கொல்வது கொடுமையே என்று அதில் ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனால் மீன் உணவாகத்தான் போகிறதென்றால், வலையால் இழுப்பதைவிடத் தூண்டிலால் பிடிப்பதில் கூடுதல் பிழை என்ன என்பது வாதம். பிடித்த மீன் உணவுக்கு வேண்டுமானால் உடனே கொல்லவேண்டும், வேண்டாமெனில் நீரில் விடவேண்டும் என்பது டேவி கூறும் விதி. முள் தைக்கும் இடத்தில் வலி மிகுதி இராது என்றும் அவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார். டேவியின் நியாயம் முழுவதும் இரண்டு தூண்களின் மீது நிற்பதை வாசகர்கள் கவனிக்கலாம். ஒன்று, மீன் உணவு. மற்றது, மீனுக்கு வலி குறைவு.

இருபதாம் நூற்றாண்டில் முதல் தூண் அகற்றப்பட்டது. அமெரிக்கத் தூண்டில் வல்லுநர் லீ வுல்ஃப், சிறந்த மீன் ஒரே ஒருமுறை மட்டும் பிடிக்கப்படுவதற்கு மிஞ்சிய மதிப்புடையது என்ற கருத்தை 1939இல் தம் நூலில் முன்வைத்தார். மீனின் மதிப்பு தட்டிலிருந்து ஆற்றுக்கு இடம் மாறியது. எனினும் அக்கருத்து சட்டமாவதற்கு ஓர் அழிவு தேவைப்பட்டது. கிரீன்லாந்துக் கடலில் சால்மன்கள் கூடி மேயும் இடம் கண்டறியப்பட்டபின் வலைகள் அங்கே பெருகின. 1971இல் மட்டும் அங்கே பிடிபட்டவை 2,600 டன்னுக்கும் மேல். ஆறுகள் வெறுமையாகத் தொடங்கின. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், 63 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள சால்மன்களைத் தூண்டில்காரர் விட்டுவிடவேண்டும் என்ற விதி 1984இல் வந்தது. பெரிய மீன்களில் பெண் மீன்களே மிகுதி, ஒவ்வொன்றும் பல்லாயிரம் முட்டைகளைச் சுமப்பது என்பதே காரணம். நியூஃபவுண்ட்லாந்தின் வணிகச் சால்மன் வலைகள் 1992இல் நிறுத்தப்பட்டன.

இவ்விடத்தில் மற்றொரு குரலையும் கேட்டாகவேண்டும். நியூ பிரன்ஸ்விக்கையும் கியூபெக்கையும் பிரிக்கும் ரெஸ்டிகூஷ் ஆற்றின் சிறந்த மடுக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செல்வர்களின் தூண்டில் கழகங்கள் வசமாயின. அதே ஆற்றை உணவுக்காக நம்பியிருந்தவர்கள் மிக்மாக் பழங்குடியினர். 1981 ஜூன் 11, 20 ஆகிய நாள்களில் கியூபெக் காவல்துறை அவர்களது லிஸ்டுகுஜ் ஊருக்குள் நூற்றுக்கணக்கில் புகுந்து, வலைகளைப் பறித்து, பலரைக் கைது செய்தது. சால்மனைக் காப்பதே நோக்கம் என்று அரசு கூறியது. இந்நிகழ்ச்சியைத் திரைப்பட இயக்குநர் அலானிஸ் ஒபோம்சாவின் 1984இல் ஆவணப்படமாக்கினார். உண்பதற்காகப் பிடிப்பவன் குற்றவாளியாகவும், பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவன் காவலனாகவும் கருதப்படும் இந்தத் தலைகீழ் நிலை நம்மை உறுத்துகிறது. உணவோடு விளையாடலாகாது என்பது பழங்குடியினர் பலரின் நெறி. சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஆணையும், விட்டுவிடும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பதைத் தடை செய்தது. இருவரும் தத்தம் வழியில் டேவியின் முதல் தூணுக்கே திரும்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது தூண் 2003இல் ஆட்டம் கண்டது. லின் ஸ்னெடன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டிரவுட் மீனின் முகத்திலும் வாயருகிலும் ஊறுணர் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். அந்த உணர்வை நாம் அறியும் வலியோடு ஒப்பிடலாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது. ஆனால் அங்கே நரம்பே இல்லை என்ற பழைய ஆறுதல் இனி எடுபடாது. 1992இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் கடுமையானது. களைக்கும்வரை துரத்தப்பட்ட டிரவுட் மீன்களில் நூற்றுக்கு 12 மாண்டன. துரத்தியபின் ஒரு நிமிடம் காற்றில் வைக்கப்பட்டவற்றில் 72 மாண்டன. புகைப்படத்திற்காக மீனைத் தூக்கிப் பிடிக்கும் அந்த ஒரு நிமிடத்தின் விலை எவ்வளவு என்பதை நாம் உணரலாம்.

அதே வேளையில் மறுபக்கத்தை மறைப்பதும் நேர்மையாகாது. குளிர்ந்த நீரில், நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விடுவிக்கப்படும் சால்மன்களில் பெரும்பாலானவை பிழைத்துச் சினையிடுகின்றன. வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டும்போதுதான் ஆபத்து விரைந்து ஏறுகிறது. ஆறுகளுக்காகப் பேசுவோரிலும் பணம் திரட்டுவோரிலும் தூண்டில்காரர்கள் பலர் உண்டு. ஐஸ்லாந்தின் ஒர்ரி விக்ஃபூசன் 1989இல் தொடங்கிய நிதியம், கடல் வலைக்காரர்களுக்கு இழப்பீடு கொடுத்து வலைகளை நிறுத்தச் செய்தது. மீனைப் பிடிக்கும் ஆசைதான் அவரை மீனின் காவலராக்கியது.

ஆயினும் கணக்கு கசப்பாகவே முடிகிறது. ஏறத்தாழ எல்லா மீனையும் விட்டுவிடும் ஸ்காட்லாந்தில், 2023இன் தூண்டில் பிடிப்பு 33,000 அளவுக்குச் சரிந்தது. 1952இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அதுவரை கண்டவற்றில் அதுவே மிகக் குறைவு. அதே ஆண்டு டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இம்மீனை ‘அச்சுறுத்தலை நெருங்கிய’ இனமாக வகைப்படுத்தியது. 2006க்கும் 2020க்கும் இடையே அதன் தொகை 23 விழுக்காடு குறைந்திருந்தது. 2024 ஜூனில் நார்வே 33 ஆறுகளில் பருவத்தின் நடுவிலேயே தூண்டிலை நிறுத்தியது. வெப்பமேறும் கடலும், அணைகளும், மீன் பண்ணைகளிலிருந்து பரவும் கடற்பேன்களும் செய்யும் கேட்டை, ஆற்றங்கரையில் ஒருவர் கைவிரிப்பதால் மட்டும் ஈடுசெய்ய இயலவில்லை.

கொல்வதைவிட விடுவது நன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விடுவிப்பவர் தம்மைக் கொடையாளியாக எண்ணிக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது. அவர் திருப்பித் தருவது அந்த மீனிடமிருந்தே எடுத்ததை, அதுவும் சற்றுக் குறைத்து. இதை நினைவில் வைத்திருப்பவர் முள்ளின் எதிர்முனையை மழுக்கிவிடுவார், மீனை நீரைவிட்டு எடுக்கமாட்டார், கோடை வெயிலில் ஆறு வெதுவெதுப்பாகும் நாளில் தூண்டிலைக் கட்டிவைத்துவிட்டுக் கரையில் அமர்ந்து, மீன் துள்ளுவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்.