கணினிக் கட்டுப்பாட்டு யந்திரக் கருவிகள்: தருமபுரி மாவட்டத்தில் சந்தையின் வளர்ச்சி

உலோகத்தைக் கடைந்தும் குடைந்தும் துளைத்தும் தேய்த்தும் வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவரும் சாதனங்களுக்கு யந்திரக் கருவிகள் என்பது பொதுப்பெயர். மற்ற யந்திரங்கள் யாவும் இவற்றிலிருந்தே பிறப்பதால் தாய் யந்திரங்கள் என்று இவற்றைச் சிறப்பித்துக் கூறுவாரும் உண்டு. பழைய லேத்தில் தொழிலாளி தன் கைப்பிடியால் நகர்த்திய வெட்டுக்கருவியை, எண்களாக எழுதிவைத்த கட்டளை வரிசையைக் கணினி படித்து, சர்வோ மோட்டாரும் பால் ஸ்க்ரூவும் கொண்டு தானே நகர்த்துமாறு அமைத்தால், அதுவே கணினிக் கட்டுப்பாட்டு யந்திரக் கருவி. பட்டறை வழக்கில் சி.என்.சி. மெஷின். உருளை வடிவப் பொருள்களைக் கடையும் டர்னிங் சென்டர், கட்டியான பொருளின் முகங்களைச் செதுக்கித் துளையிடும் வி.எம்.சி. என்னும் இரண்டுமே இதன் பிரதான வகைகள்.

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2ஆம் நாள் பிரிந்து உருவான தருமபுரி மாவட்டத்தில் இவ்யந்திரங்களுக்குக் கிராக்கி உண்டாகி வளர்ந்த வரலாறு பெரும்பாலும் ஓசூரின் வரலாறேயாகும். ஓசூர் 2004 பிப்ரவரி 9 அன்று புதிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டதென்பது மெய்யே. ஆனால் இச்சந்தை பிறந்து வேரூன்றிய காலம் முழுவதும் அவ்வூர் தருமபுரியின் ஆட்சிக்குட்பட்டே இருந்தமையாலும், இன்றும் அதற்கு ஆள் அனுப்பும் பிரதேசங்களுள் தருமபுரி ஒன்றாதலாலும், இரண்டையும் பிரிக்காமல் கூறுவதே பொருத்தமாகும்.

இக்கருவியின் பிறப்பிடம் அமெரிக்கா. மிச்சிகன் மாகாணத்தின் டிராவர்ஸ் நகரில் ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ், வளைவின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய அளவைக் கணக்கிட்டு அந்த எண்களைக் கொண்டே யந்திரத்தை நடத்தலாம் என்று கருதி, 1949இல் அந்நாட்டு விமானப் படையின் ஒப்பந்தத்தைப் பெற்றார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் 1952இல் அவ்வாறு நடக்கும் மில்லிங் யந்திரத்தைச் செய்து காட்டியது. அந்த அற்புதத்தைக் கண்டவர்கள் வியந்தார்களேயன்றி வாங்க முன்வரவில்லை. இறுதியில் விமானப் படையே யந்திரங்களை வாங்கி விமானம் செய்யும் ஆலைகளிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. சர்க்காரே இச்சந்தையின் முதல் வாடிக்கையாளர் என்பதை, தடையற்ற வியாபாரத்தின் மகிமையை மட்டும் பேசுவோர் மறந்துவிடுகிறார்கள். 1970களில் நுண்செயலி வந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி சிறுத்தது, விலையும் இறங்கிற்று. புஜிட்சுவிலிருந்து 1972இல் தனி ஸ்தாபனமாகப் பிரிந்த ஃபானுக்கின் கட்டுப்பாட்டுச் சாதனத்தைத் துணையாகக் கொண்டு, சிறு பட்டறைக்காரனும் வாங்கக்கூடிய யந்திரங்களைச் செய்த ஜப்பான், 1982இல் உற்பத்தியில் உலகின் முதலிடத்தை அடைந்தது. அந்த ஸ்தானத்தை 2009இல் சீனா கைப்பற்றியது.

இந்தியாவில் இத்தொழிலின் அஸ்திவாரம் ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்திலேயே இடப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் அரசு நிறுவனமான எச்.எம்.டி. 1953இல் பெங்களூரில் தோன்றியது. 1961இல் பாரத் ஃபிரிட்ஸ் வெர்னரும், அதையடுத்து யந்திரக் கருவி ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் ஆய்வு நிலையமும் அந்நகரிலேயே அமைந்தன. 1979இல் அங்கே ஆரம்பமான ஏஸ் டிசைனர்ஸ் பிற்காலத்தில் சிறு முதலாளிகளின் டர்னிங் சென்டருக்குப் பேர்போனதாயிற்று. கோயம்புத்தூரில் நூற்பாலை யந்திரங்கள் செய்துவந்த லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் 1988இல் ஜப்பானின் மோரி செய்கியோடு கூடி இத்துறையில் இறங்கியது. எனவே ஓசூரின் பட்டறைக்காரருக்கு யந்திரம் விற்பவரும் அதைப் பழுதுபார்ப்பவரும் என்றுமே அண்டைவீட்டாராக இருந்து வந்திருக்கின்றனர். இச்சௌகரியம் வேறு பல மாவட்டங்களுக்கு வாய்க்கவில்லை.

தருமபுரி மாவட்டமோ அக்காலத்தில் கேழ்வரகும் சாமையும் புளியும் மாவும் விளைந்த, மழையை நம்பிய வறண்ட பூமி. தொழில் வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டம் என்ற அந்தப் பெயரே அதற்கு ஒரு வகையில் பாக்கியமாயிற்று. பின்தங்கிய பிரதேசங்களில் ஆலை வைப்போருக்கு மத்திய சர்க்கார் மூலதன மானியம் வழங்கிற்று. 1971இல் உருவான தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்து, நிலமும் நீரும் மின்சாரமும் தருவதாகச் சொல்லி முதலாளிகளை அழைத்தது. பெங்களூரின் விமானத் தொழிற்சாலைகளிலும் எச்.எம்.டி.யிலும் பழகிய தொழிலாளரை அருகிலேயே வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டின் சலுகைகளையும் அனுபவிக்கலாம் என்று கணக்கிட்டவர்களின் கணக்குப் பொய்க்கவில்லை. 1980இல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை திறந்தது; அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. உராய்வுக் கற்கள் செய்யும் வெண்ட் இந்தியாவும் அப்பொழுதே ஆரம்பமாயிற்று. டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984இல் நிறுவிய டைட்டன், கைக்கடிகாரத்தின் நுண்ணிய பாகங்களைக் கடையும் வித்தையை இம்மண்ணில் ஊன்றியது. லாரியும் மொபெட்டும் கடிகாரமும் ஒரே ஊரில் கூடியமையால், மீட்டர் கணக்கில் நீண்ட பாகம் முதல் அரிசியினும் சிறிய திருகு வரை கடையத் தெரிந்த கைகள் அங்கே உருவாயின. பின்னாளைய சந்தையின் விரிவுக்கு நான் காணும் தலையாய காரணம் இதுவே.

எனினும் 1980களில் இங்கே சி.என்.சி. யந்திரம் வாங்கியவை பெரிய ஆலைகள் மட்டுமே. மூலதனப் பொருளை இறக்குமதி செய்ய அப்போது உரிமம் வேண்டியிருந்தது. சுங்க வரியோ கடுமை. சிறுதொழில்களுக்கான சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைகளில் அப்பொழுது சாதாரண லேத்தும், கேம் வைத்த ஆட்டோமேட்டிக் லேத்துமே ஓடின. 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தம் இந்நிலையை மாற்றியது. வரி படிப்படியாக இறங்கவும், ஃபானுக் 1992இல் பெங்களூரில் தன் இந்தியக் கிளையைத் திறக்கவும், உள்நாட்டு ஸ்தாபனங்கள் ஜப்பானியக் கட்டுப்பாட்டுச் சாதனத்தையும் இறக்குமதியான பால் ஸ்க்ரூவையும் தம் வார்ப்பு உடலில் பொருத்தி, சிறு முதலாளிக்கு எட்டும் விலையில் யந்திரங்களை விற்கத் தொடங்கின. அதே சமயத்தில் பெரிய ஆலைகள் தம் பாகங்களைத் தாமே கடைவதை விடுத்து வெளிப் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுக்கலாயின. அந்த ஆலைகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்த, யந்திரத்தை அமைத்துக்கொடுக்கும் செட்டர்களும் சூப்பர்வைசர்களும் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு ஷெட் பிடித்து ஒற்றை யந்திரத்தோடு முதலாளிகளானார்கள்.

அத்தகைய ஷெட் ஒன்றினுள் ஷிப்ட் மாறும் வேளையில் நிகழ்வதைக் கவனித்தால் இச்சந்தையின் தர்க்கம் விளங்கும். செட்டர், தேய்ந்த வெட்டுமுனையான இன்செர்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார். சக்கில் ஒரு பீஸைப் பிடித்துக் கதவை மூடுகிறார். பால்போல் வெளுத்த கூலண்ட் கண்ணாடியில் மோத, உள்ளே வெட்டு நடக்கிறது. வெளிவந்த முதல் பீஸைத் துடைத்து மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்க்கிறார். விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு மிகுதி. கட்டுப்பாட்டுப் பலகையில் கருவியின் நிலையைக் குறிக்கும் ஆஃப்செட்டை அவ்வளவுக்குத் திருத்திவிட்டு அடுத்த பீஸைப் போடுகிறார், அளவு சரி. அதன்பின் பயிற்சி குறைந்த ஆபரேட்டர் ஒருவரே இரண்டு யந்திரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று ரேட் பேசியிருக்கும் உரிமையாளருக்கு, ஒரு பீஸ் முடிய ஆகும் சைக்கிள் டைமில் பத்து விநாடி குறைந்தால் அது முழு லாபம். அந்தப் பத்து விநாடிக்காகவே பழைய யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியது வாங்கப்படுகிறது.

சிறு பட்டறைகளின் இவ்வாசைக்கு வட்டியும் மானியமும் துணைநின்றன. யந்திரத்தைப் புதுப்பிக்கும் சிறுதொழில்களுக்கென மத்திய அரசு 2000இல் கொண்டுவந்த கடன்வழி மூலதன மானியத் திட்டம், 2005இல் திருத்தப்பட்டபோது ஒரு கோடி ரூபாய் வரையிலான முதலீட்டில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை மானியமாகத் தந்தது. 2020 மார்ச்சில் அது முடிவடையும் வரை, கடன் கேட்டு வந்தவரின் கணக்கில் அந்தப் பதினைந்து லட்சம் ஒரு நிச்சயமான வரியாக இருந்தது.

வளர்ச்சி என்று சொல்லும்போது, அது சீராக ஏறிய ஒரு கோடு என்று வாசகர் எண்ணிவிடலாகாது. யந்திரக் கருவியை எவரும் அதற்காகவே விரும்பி வாங்குவதில்லை. வேறொரு பண்டத்துக்கு ஏற்படும் தேவையின் நிழலாகவே அதன் தேவை விழுகிறது, அந்த நிழலோ பண்டத்தினும் நீளமானது. பத்து யந்திரம் வைத்திருக்கும் பட்டறை, தேய்ந்துபோனதற்கு ஈடாக ஆண்டுக்கு ஒன்று வாங்குகிறதென்று வைத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிள் விற்பனை நூற்றுக்குப் பத்து உயர்ந்தால் அது கூடுதலாக ஒன்று வாங்க வேண்டும். யந்திர விற்பனை இருமடங்காகிவிடும். நூற்றுக்குப் பத்து குறைந்தாலோ ஒன்றுகூட வாங்கத் தேவையில்லை. யந்திரம் விற்பவர் சும்மா உட்கார வேண்டியதுதான். 2008இன் உலகப் பொருளாதாரச் சரிவும், 2019இல் வாகன விற்பனை வீழ்ந்து அசோக் லேலண்ட் ஓசூர் உட்படத் தன் ஆலைகளில் வேலையில்லா நாள்களை அறிவித்ததும், மறு ஆண்டின் பெருந்தொற்றும் இந்த உண்மையைத் திரும்பத் திரும்ப நிரூபித்தன. அப்படிப்பட்ட காலங்களில் யந்திரம் நின்றாலும் வங்கித் தவணை நிற்பதில்லை. ஆகவே பழைய யந்திரங்களின் மறுவிற்பனை சூடுபிடிக்கும்.

இவற்றோடு 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டையும் சேர்க்க வேண்டும். சாதாரண லேத்தில் மின்சாரம் போனால் தொழிலாளி கருவியைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக் காத்திருப்பார். சி.என்.சி.யிலோ வெட்டின் நடுவில் மின்சாரம் நின்றால் கருவியும் பீஸும் ஒருங்கே பாழாகக்கூடும். டீசல் ஜெனரேட்டர் வாடகையும் எண்ணெய்ச் செலவும் ஒரு மணிக்கு இவ்வளவு என்று போட்ட கணக்கைத் தலைகீழாக்கிவிடும். யந்திரத்தின் விலையை மட்டும் பார்த்துச் சந்தையை மதிப்பிடும் நிபுணர்கள், அதை ஓட்டுவதற்கு ஆகும் செலவை ஏனோ அலட்சியம் செய்கிறார்கள்.

கடந்த சில ஆண்டுகளில் கிராக்கியின் அளவு மட்டுமன்றி அதன் சுபாவமே மாறிவருகிறது. 2020 ஜனவரியில் டி.வி.எஸ்., ஓசூர் ஆலையிலிருந்து மின்சார ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. 2021இல் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர் நிறுவனமும் ஓசூருக்கு வந்தது. போச்சம்பள்ளி அருகே ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. மின்சார ஸ்கூட்டரில் கிராங்க் தண்டும் பிஸ்டனும் வால்வும் இல்லை. பல்சக்கரங்களும் மிகச் சிலவே. இத்தகைய உருளைப் பாகங்களைக் கடைந்து பிழைக்கும் டர்னிங் சென்டர்களுக்கு இது நற்செய்தியன்று. மறுபுறம், டாட்டா எலக்ட்ரானிக்ஸ் இப்பிரதேசத்தில் ஆலை அமைத்து, ஐபோனின் வெளிக்கூட்டை அலுமினியத்திலிருந்து செதுக்கத் தொடங்கியது. ஒரு லாரி ஆலைக்குப் பல விதமான யந்திரங்கள் வேண்டும். கைபேசிக் கூடு செய்யும் ஆலைக்கோ ஒரே விதமான சிறு வி.எம்.சி.கள் வரிசை வரிசையாக வேண்டும். ஒரே சமயத்தில் ஏராளமாக வாங்கப்படும் இவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. இந்தியா பயன்படுத்தும் யந்திரக் கருவிகளில் ஏறக்குறைய பாதி இறக்குமதியாக இருந்துவரும் நிலை மாறாதிருக்க இவ்வகைக் கொள்முதலும் ஒரு காரணம். ஓசூரின் பழைய பட்டறைக்காரருக்கு இதில் கிடைப்பது பீஸைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சரும் அளவு பார்க்கும் கேஜும் உதிரிப் பாகங்களும் செய்யும் வேலைதான். ஆனால் அதுவும் அற்பமானதன்று.

2004இன் பிரிவினைக்குப் பின் எஞ்சிய தருமபுரி மாவட்டத்தின் நிலை வேறு. யந்திரம் வாங்கும் பெரிய ஆலைகள் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. பாலக்கோடு, பென்னாகரம், அரூர்ப் பக்கத்து இளைஞர்களில் ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்தவர்கள் பலர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய் அங்கே ஆபரேட்டர்களாகவும் செட்டர்களாகவும் பணிபுரிகிறார்கள். செட்டிக்கரையில் 2013இல் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாய் செலவில் நவீனப்படுத்தத் தமிழ்நாடு அரசு மேற்கொண்ட திட்டமும் இப்படிப்பட்ட யந்திரங்களில் பயிற்சி பெற்ற கைகளைப் பெருக்குவதையே நோக்கமாகக் கொண்டது. ஆயினும் கற்ற வித்தையைச் சொந்த மாவட்டத்தில் காட்ட இடமில்லையென்றால் பயிற்சியின் பலன் முழுவதும் வெளியூருக்கே போய்ச் சேரும்.

அதியமான்கோட்டை, தடங்கம், பாலஜங்கமனஅள்ளி கிராமங்களில் 1,700 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் சிப்காட் திட்டமிட்டுள்ள தொழிற்பூங்கா இக்குறையைத் தீர்க்கக்கூடும். ஓசூரின் அநுபவத்தைக் கொண்டு ஒன்றை மட்டும் திடமாகச் சொல்லலாம்: பூங்காவுக்கு முதலில் வந்து சேரும் இரண்டொரு பெரிய ஆலைகள் எந்தப் பண்டத்தைச் செய்கின்றனவோ, அதைப் பொறுத்தே இம்மாவட்டத்துச் சிறு பட்டறைகள் வாங்கப்போவது டர்னிங் சென்டரா வி.எம்.சி.யா என்பது நிர்ணயமாகும். அந்த ஆலைகள் தம் வேலையை வெளியே கொடுக்காமல் தாமே வைத்துக்கொண்டால் பட்டறைகளே தோன்றமாட்டா.