வலிப்பும் பன்றி நாடாப்புழுவும்: ஒரு சிறு வரலாறு

வந்தவாசிப் பக்கம் யாருக்காவது வலிப்பு வந்துவிட்டால் "இரும்பு கொண்டாங்க" என்று நாலு பேர் கத்துவார்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். அந்த வலிப்புகளில் ஒரு பகுதிக்குப் புழுதான் காரணம் என்று காட்டியதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. (1989 வரை வந்தவாசியும் வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டம்தான்.)

புழுவின் பெயர் பன்றி நாடாப்புழு. பன்றிக்கறியில் அரிசிமணி போன்ற கொப்புளங்களாக அதன் இளம்புழு இருக்கும். கறி சரியாக வேகாவிட்டால் நம் குடலுக்குள் போய் மீட்டர் கணக்கில் வளரும். 1855-ல் ஜெர்மன் மருத்துவர் கூக்கன்மைஸ்டர் இதை நிரூபித்த விதம் கொடூரமானது. மரண தண்டனைக் கைதிக்கு அந்தக் கொப்புளங்களை உண்ணக் கொடுத்து, தண்டனை நிறைவேறியபின் குடலை அறுத்துப் பார்த்தார். உள்ளே புழு இருந்தது!

மூளைக்குப் போவது வேறு வழி. புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அந்த மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் கொப்புளம் உண்டாகும். அதே முட்டை கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளையிலும் கொப்புளம் வரும். ஆகவே பன்றிக்கறியைத் தொடாத சைவருக்கும் இது வரலாம்.

இந்தியாவில் இது முதலில் பதிவானது நம் சென்னையில்தான். 1888-ல், வலிப்பு வந்து இறந்த ஒரு கூலித் தொழிலாளியிடம் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் கண்டார். பின்னர் பிரிட்டிஷ் ராணுவத்தினரிடம் ஏராளமாகத் தெரிந்தது. டிக்சனும் லிப்ஸ்கோம்பும் 1961-ல் 450 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலோர் இந்தியாவில் பணியாற்றியவர்கள்.

வேலூர்க் கதை 1989-ல் வருகிறது. வலிப்பு நோயாளிகளின் ஸ்கேனில் தெரிந்த சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்து வந்தார்கள். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சாண்டி, ராஜசேகர் குழுவினர் அறுவை செய்து எடுத்துப் பார்த்தபோது பலரிடம் இருந்தது இந்தப் புழுவின் கொப்புளம். 2006-ல் வெளியான வேலூர் மாவட்ட ஆய்வில் 50,617 பேரைக் கணக்கெடுத்தார்கள். வலிப்பு நோய் ஆயிரத்துக்கு 3.83 பேருக்கு, அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் இதுவே.

சரி, பன்றி வளர்ப்பவர்கள், கறி வெட்டுபவர்கள்? லக்னோ அருகே பன்றி வளர்க்கும் கிராமத்தினர் 924 பேரைச் சோதித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 18.6 சதவீதத்தினர் குடலில் நாடாப்புழு இருந்தது. இவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பன்றிக்குப் புழுவைக் கொடுத்ததே கழிப்பறை இல்லாத மனித ஊர்தான். ஆனால் முதலில் மாட்டிக்கொள்வது இவர்களும், இவர்கள் கையால் சாப்பிடும் பிள்ளைகளும்.

பன்றிக்கு இப்போது தடுப்பூசி உண்டு. ஹைதராபாத் நிறுவனம் ஒன்றே தயாரிக்கிறது. மனிதக் குடலிலுள்ள புழுவுக்கு ஒரு வேளை மருந்து போதும். ஆனால் புழு இருப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. யாராவது தேடிப்போய் மலப் பரிசோதனை செய்தால்தான் உண்டு.